பறக்கும் மீனின் பெயரால் ஒரு மண்ணடிப் பாம்பு: கிறிஸ்துமஸ் தீவுக் குருட்டுப்பாம்பின் ஆவண வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு மட்டுமே உரிய குருட்டுப்பாம்பு ஒன்று 1887ஆம் ஆண்டு இலண்டனில் பெயரிடப்பட்டது. அதன்பின் அது மனிதர் கண்ணில் பட்ட தருணங்கள் மிகச் சில. அதே தீவின் மண்ணில் இன்று வாழும் மற்றொரு குருட்டுப்பாம்போ, சோழமண்டலக் கடற்கரையிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமாகி, வெப்பமண்டல நாடுகள் எங்கும் பரவியது. இவ்விரண்டின் பெயர் வரலாற்றையும் பதிவு வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்கி, மண்ணடி உயிரினம் ஒன்றை ‘அரியது’ என ஆவணங்கள் குறிக்கும்போது அச்சொல்லை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குருட்டுப்பாம்பு, புழுப்பாம்பு, கிறிஸ்துமஸ் தீவு, பெயரிடல் வரலாறு, பேட்ரிக் ரஸ்ஸல், உயிரின அழிவு, குடியேற்றக்கால அறிவியல்.

முன்னுரை

குருட்டுப்பாம்புகள் மண்ணுக்குள் வாழ்பவை. மண்புழுவை ஒத்த தோற்றமும் பளபளப்பும் உடையவை. கண்கள் செதிலுக்கு அடியில் கரும்புள்ளிகளாகத் தெரியும். ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அவற்றால் பெரும்பயன் இல்லை. ஏனைய பாம்புகளின் வயிற்றுப்புறத்தில் காணப்படும் அகன்ற செதில்கள் இவற்றுக்கு இல்லை. உடலைச் சுற்றிலும் ஒரே அளவிலான வழவழப்பான செதில்களே அமைந்துள்ளன. வாய் தலையின் அடிப்பகுதியில் ஒடுங்கியிருக்கும். வால் சிறு முள்ளொன்றில் முடியும். எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் இளம்புழுக்களும் இவற்றின் உணவு. மனிதர்க்கு எவ்விதத் தீங்கும் செய்ய இயலாதவை. மழைக்காலத்தில் கிணற்றடியிலும் குளியலறை வடிகாலிலும் தென்பட்டு, பாம்போ புழுவோ எனத் திகைக்கவைக்கும் புழுப்பாம்பைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அறியாதார் குறைவு.

இத்தகைய உயிரிக்கு வரலாறு எழுதுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. யானையின் வரலாற்றையோ புலியின் வரலாற்றையோ எழுதுவோர்க்கு வேட்டைக் குறிப்புகளும் வரிக் கணக்குகளும் இலக்கியச் சான்றுகளும் கிடைக்கின்றன. மண்ணுக்குள் வாழும் சிறுபாம்போ, யாரேனும் மண்ணைத் தோண்டினால்தான், கல்லைப் புரட்டினால்தான், பட்ட மரத்தைப் பிளந்தால்தான் ஆவணத்துக்குள் வருகிறது. ஆகவே அதன் ஆவணங்கள் பாம்பின் வாழ்வைச் சொல்வதற்கு முன் தோண்டியவர்களின் வாழ்வைச் சொல்லிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் தீவுக் குருட்டுப்பாம்பு இதற்குத் தெளிவானதோர் எடுத்துக்காட்டு.

கப்பலின் பெயர்

கிறிஸ்துமஸ் தீவு ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், 135 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த சுண்ணக்கல் தீவு. கடலடி எரிமலையொன்றின் முடிமேல் உருவானது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமி வில்லியம் மைனர்ஸ் 1643ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அதனைக் கடந்து சென்றமையால் அப்பெயர் வாய்த்தது. வில்லியம் டாம்பியர் பயணம் செய்த சிக்னெட் கப்பலார் 1688இல் அங்கு இறங்கினர். ஆயினும் செங்குத்தான பாறைக் கரையும் நங்கூரமிட இடமின்மையும் காரணமாக, அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அத்தீவு ஆளற்றே கிடந்தது. இவ்வாளின்மை நம் பொருளுக்கு இன்றியமையாதது. மனிதர் குடியிராத தீவில் பாம்புக்கு ஊர்ப்பெயர் ஏது?

1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படையின் அளவைக் கப்பலான ‘ஃப்ளையிங் ஃபிஷ்’, அதாவது ‘பறக்கும் மீன்’, கேப்டன் ஜான் மக்லியரின் தலைமையில் அங்கு வந்தது. நங்கூரமிடத் தக்க குடா ஒன்றைக் கண்டு அதற்குக் கப்பலின் பெயரையே இட்டனர். அது இன்றும் ஃப்ளையிங் ஃபிஷ் குடா என்றே வழங்குகிறது. கப்பலின் அலுவலர்கள் திரட்டிய விலங்குகள் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஆல்பர்ட் குந்தர் வழியாக அவ்வாண்டே இலண்டன் விலங்கியல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் அவற்றைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. அவ்வறிக்கையில் ஊர்வனவற்றைப் பற்றிய பகுதியை எழுதியவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே. பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்து, அருங்காட்சியகத்தின் புட்டிகளுக்கு நடுவே உலகின் ஊர்வனவற்றையும் மீன்களையும் வகைப்படுத்திய இவர், தாம் பெயரிட்ட இனங்களில் பெரும்பாலானவற்றை உயிருடன் கண்டவர் அல்லர். அன்று அதுவே வழக்கம்.

அப்பகுதியில் பூலாஞ்சே பெயரிட்டவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்கு வேண்டியவை. ஒன்று, தீவின் காட்டு அரணை; அதன் இனப்பெயர் ‘நேட்டிவிடாட்டிஸ்’, கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். மற்றொன்று குருட்டுப்பாம்பு; அதனை ‘டைஃப்லாப்ஸ் எக்ஸோசீட்டி’ என்றார். டைஃப்லாப்ஸ் என்பதன் வேர் குருடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். எக்ஸோசீட்டஸ் என்பது பறக்கும் மீன்களின் பேரினப் பெயர். ‘எக்ஸோசீட்டி’ என்றால் ‘பறக்கும் மீனினுடைய’ என்பது பொருள். அதாவது அப்பெயர் கப்பலுக்குச் செய்த மரியாதை. அச்சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ‘வெளியே உறங்குவது’ என்று பொருள். பறக்கும் மீன் இரவில் கடலைவிட்டுக் கரையேறி உறங்கும் என்று முன்னோர் நம்பியதன் எச்சம் அது. வாழ்நாள் முழுதும் மண்ணுக்குள் கிடக்கும் ஓர் உயிரிக்கு இப்பெயர் வாய்த்தது. பூலாஞ்சே இம்முரணை எண்ணிப் புன்னகைத்திருக்கவும் கூடும். அவரது எழுத்தின் வறண்ட நடையில் அதற்கு இடமில்லை.

இது தனிநிகழ்வன்று. அதே அறிக்கையில் தீவின் எலியினம் ஒன்று கேப்டன் மக்லியரின் பெயரைப் பெற்றது. அவ்வாண்டே பெல்ஹாம் ஆல்ட்ரிச்சின் தலைமையில் வந்த ‘எஜீரியா’ கப்பலில் இயற்கையியலாளர் ஜே. ஜே. லிஸ்டரும் இருந்தார். அப்பயணத்துக்குப் பின் நீலவால் அரணை ‘எஜீரியே’ ஆயிற்று. பல்லி ஒன்று ‘லிஸ்டெரி’ ஆயிற்று. சிறிது காலத்தில் வௌவால் ஒன்று, தீவில் பாஸ்பேட் தோண்டும் உரிமை பெற்ற ஜான் மரேயின் பெயரால் ‘மர்ரேயி’ எனப்பட்டது. தீவின் விலங்குப் பட்டியலை வரிசையாக வாசிப்பவர்க்கு அது கடற்படையின் பணியாளர் பதிவேடுபோல் தோன்றும். ஓர் இடத்தின் உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதும் அவ்விடத்தை உடைமையாக்குவதும் எத்துணை நெருக்கமாக நடந்தேறின என்பதற்குக் கால வரிசையே சான்று: பெயரிடல் 1887, பிரித்தானிய முடியுடன் தீவு இணைக்கப்பட்டது 1888 ஜூன் 6.

தோண்டியவர்கள்

இணைப்புக்குக் காரணம் பாம்போ பறவையோ அன்று, பாறை. அளவைக் கப்பல்கள் வழியே வந்த பாறைத் துண்டுகளை ஆராய்ந்த ஜான் மரே, அவற்றில் உயர்தரப் பாஸ்பேட் இருப்பதனை அறிந்தார். சேலஞ்சர் ஆய்வுப் பயண அறிக்கைகளின் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்றிருந்த இவருக்கும், கோகோஸ் தீவுகளின் ஜார்ஜ் குளூனிஸ்-ராஸுக்கும் 1891இல் குத்தகை வழங்கப்பட்டது. 1897இல் நிறுவனம் உருவாயிற்று. 1900இல் தீவு மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்டது. சீனரும் மலாயரும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பெரிபெரி நோய் அவர்களைப் பெருமளவில் பலிகொண்டது.

மண்ணைத் தோண்டியவர்கள் இவர்கள்தாம். மழைக்காட்டை அழித்து, மேல்மண்ணை நீக்கி, பாறை முகடுகளுக்கு இடையே படிந்திருந்த பாஸ்பேட்டை வாரிய கைகளில் குருட்டுப்பாம்பு எத்தனை முறை அகப்பட்டிருக்கும்? இயற்கையியலாளர் ஒருவரின் சில மாதத் தேடலைவிட அக்கூலிகளின் ஓராண்டு உழைப்பு அதிக மண்ணைப் புரட்டியிருக்கும் என்பது உறுதி. ஆயினும் பாம்பின் பெயர் வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லை. பாம்பைக் காணும் வாய்ப்பு மிகுந்தவர்களும் பாம்பைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்றவர்களும் வேறு வேறானவர்களாக இருந்தனர். குடியேற்றக்கால இயற்கையியல் ஆவணங்களைக் கையாளும் எவரும் மறக்கலாகாத நிலை இது.

பதிவு செய்தவர்களுள் தலையாயவர் சார்லஸ் ஆண்ட்ரூஸ். பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இவர், சுரங்கத்தொழில் பெருகுமுன் தீவின் இயல்நிலையைப் பதிந்துவிட வேண்டும் என்னும் நோக்கில் 1897–98இல் ஏறத்தாழப் பத்து மாதங்கள் அங்குத் தங்கினார். செலவை ஏற்றவர் மரேயே. பின்னாளில் அழிவுக்குக் காரணமாகவிருந்த தொழிலே அழிவுக்கு முந்திய ஆவணத்துக்கும் பொருள் தந்தது என்பதனை இங்கே குறித்துவைக்கலாம். 1900இல் வெளிவந்த ஆண்ட்ரூஸின் பெருநூல் இன்றளவும் தீவின் அடிப்படை ஆவணம்.

ஆண்ட்ரூஸ் 1908இல் மீண்டும் வந்தார். முதற்பயணத்தில் தீவெங்கும் நிறைந்திருந்த மக்லியர் எலியையும் மற்றொரு உள்நாட்டு எலியினத்தையும் அவரால் காணமுடியவில்லை. இரண்டும் அழிந்துபோயிருந்தன. 1899இல் ‘ஹிந்துஸ்தான்’ என்னும் கப்பல் வழியே கறுப்பெலிகள் தீவுக்கு வந்திருந்தன. பெரிபெரி நோயை ஆராய மலாயாவுக்கும் இத்தீவுக்கும் வந்த மருத்துவர் டர்ஹாம், எலியின் குருதியில் டிரிபனோசோம் என்னும் ஒட்டுண்ணியைக் கண்டு பின்னர் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2008இல், அருங்காட்சியக எலித்தோல்களிலிருந்து பிரித்த மரபுப்பொருளை ஆராய்ந்தவர்கள் கறுப்பெலி வந்தபின் திரட்டப்பட்ட உள்நாட்டு எலிகளில் அவ்வொட்டுண்ணியின் தடயத்தைக் கண்டனர். முன்னர்த் திரட்டப்பட்டவற்றில் அது இல்லை.

எலியின் கதையை இத்துணை விரித்ததற்குக் காரணம் உண்டு. அழிவு என்பது எவ்வாறு ஆவணப்படுகிறது என்பதனை அது காட்டுகிறது. ஒரே மனிதர், ஒரே இடத்துக்கு, இருமுறை வருகிறார். முதன்முறை கண்டதை இரண்டாம் முறை காணவில்லை. ஆதலால் அழிவு எனக் கூற முடிகிறது. இம்மீள்வருகை முறை செயற்பட வேண்டுமெனில் அவ்வுயிரி முதல் வருகையின்போது எளிதிற் காணக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். எலி அவ்வாறு இருந்தது. குருட்டுப்பாம்பு இருந்ததில்லை. அதனைக் காணாமையே இயல்பு. காணாமற்போனதற்கு அடையாளம் ஏதும் எஞ்சுவதில்லை.

விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு பாம்பு

இனி, தீவின் மண்ணுக்குள் இன்று வாழும் மற்றொரு குருட்டுப்பாம்பு. அது அத்தீவுக்கு உரியதன்று, மனிதரோடு வந்தது. நம் வீட்டுக் கிணற்றடியில் நாம் காணும் அதே புழுப்பாம்பு.

ஸ்காட்லாந்து மருத்துவரான பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த காலத்தில் பாம்புகளைத் திரட்டலானார். தரங்கம்பாடியில் டேனிய மிஷன் மருத்துவராகத் தமிழகத்துக்கு வந்து, பின்னர்க் கம்பெனியின் இயற்கையியலாளராக விளங்கிய ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக் 1785இல் மறைந்தபின், அப்பொறுப்பு ரஸ்ஸலிடம் வந்தது. நஞ்சுள்ள பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் எவரும் வேறுபடுத்தி அறியத்தக்க நூல் ஒன்றே அவரது நோக்கம். பாம்புக்கடிக்கு அக்காலத்தில் பேர்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சோதித்தார். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றிய அவரது வண்ணப்பட நூல் 1796இல் கம்பெனியின் ஆணையால் இலண்டனில் வெளியாயிற்று.

அந்நூலின் 43ஆம் படத்தில் சிறிய குருட்டுப்பாம்பு ஒன்று காணப்படுகிறது. அதற்கு ரஸ்ஸல் இலத்தீன் பெயர் எதுவும் இடவில்லை. ஊரார் சொன்ன பெயரைத் தம் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் ‘ரொண்டூ தலூலூ பாம்’ என எழுதிவைத்தார். ‘ரெண்டு தலல பாமு’ என்னும் தெலுங்குத் தொடரை, அதாவது இருதலைப் பாம்பு என்பதனை, அதில் எளிதாக அடையாளம் காணலாம். வாலும் தலையும் ஒன்றுபோல் மழுங்கியிருப்பதைக் கண்டவர் வைத்த பெயர்.

தமிழ் வாசகர்க்கு இங்கோர் ஐயம் எழும். இருதலைப் பாம்பு, இருதலை மணியன் என்று தமிழகத்தில் வழங்குவது மண்ணுளிப் பாம்பை; அது பருத்தது, குருட்டுப்பாம்புக் குடும்பத்தைச் சேராதது. ரஸ்ஸலே தம் நூலின் இரண்டாம் தொகுதியில், 1801இல், அம்மண்ணுளிப் பாம்பைத் தரங்கம்பாடி மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவர்களின் பெயரால் அறிமுகம் செய்தார். ஆகத் தலையும் வாலும் ஒத்திருத்தல் என்னும் ஒரே தோற்ற ஒற்றுமை, கடற்கரையின் இரு மொழிகளில் இரு வேறு பாம்புகளை ஒரே பெயருக்குள் கொணர்ந்துள்ளது. மக்கள் வழக்கின் வகைப்பாட்டைப் பிழையென்று தள்ளுவதற்கு முன் இதனையும் நோக்க வேண்டும்: பாரிஸில் இருந்த பிரான்சுவா மரி டோடான் 1803இல் ரஸ்ஸலின் குருட்டுப்பாம்பை எந்தப் பேரினத்தில் சேர்த்தார்? மண்ணுளிப் பாம்புக்குரிய ‘எரிக்ஸ்’ பேரினத்தில். தெலுங்குப் பெயரும் அறிவியலாளரின் முதல் வகைப்பாடும் ஒரே ஒற்றுமையால் ஈர்க்கப்பட்டிருந்தன.

டோடான் இட்ட பெயர் ‘எரிக்ஸ் பிராமினஸ்’. ரஸ்ஸலின் படமே அதற்கு ஆதாரம். ஊரார் பெயர் உதிர்ந்து, சாதிப்பெயர் ஒன்று இலத்தீன் உருவில் அமர்ந்தது. அதே ஆசிரியர் அதே ஆண்டில் கட்டுவிரியனின் பேரினத்துக்கு, ரஸ்ஸல் பதிந்த ‘பங்காரு’ என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து ‘பங்காரஸ்’ என்னும் பெயரை உருவாக்கினார்; பொன் எனப் பொருள்படும் அச்சொல் உலக அறிவியலில் இன்றும் நிலைத்துள்ளது. எந்த ஊர்ச்சொல் நிலைக்கும், எது உதிரும் என்பது பெரும்பாலும் ஐரோப்பியச் செவியின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்திருக்கிறது. எனினும் விசாகப்பட்டினத்துப் பாம்பின் பெயர் உதிர்ந்தாலும் அது நூலில் பதிவாகியிருந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அதனை மீட்டு வாசிக்க முடிகிறது. கிறிஸ்துமஸ் தீவின் பாம்புக்கு மீட்பதற்கும் ஒன்றுமில்லை.

ஆணில்லா இனமும் பேரினக் குழப்பமும்

புழுப்பாம்பு உலகெங்கும் பரவியதன் காரணம் அதன் இனப்பெருக்க முறையில் உள்ளது. இவ்வினத்தில் ஆண் இல்லை. பெண், சேர்க்கையின்றியே முட்டையிட்டுப் பெண்களையே ஈனுகிறது. சேஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ரொனால்ட் நஸ்பாம் 1980இல் இதற்கு வலுவான சான்றுகளை முன்வைத்தார். 1987இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இதன் உயிரணுக்களில் குரோமோசோம் தொகுதி இரண்டன்று, மூன்று எனக் காட்டியது. ஒரு பூந்தொட்டியின் மண்ணில் ஒரேயொரு பாம்பு கப்பலேறினால் போதும். இறங்கிய இடத்தில் ஒரு குடியே தோன்றிவிடும். ‘பூந்தொட்டிப் பாம்பு’ என்றே ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தோட்டப்பயிர், நாற்று, மண்ணோடு கூடிய வேர் ஆகியவை சென்ற இடமெல்லாம் இதுவும் சென்றது. கிறிஸ்துமஸ் தீவும் விலக்கன்று.

இவ்விரு பாம்புகளும் சில காலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன என்பது பெயர் வரலாற்றின் சுவையான பகுதி. ஆசிய–ஆஸ்திரேலியக் குருட்டுப்பாம்புகளுள் ஒரு பிரிவின் ஆண்களுக்கு இனப்பெருக்க உறுப்பு தனித்தன்மை உடையது என்பதனை ஜோன் ராப் 1966இல் எடுத்துக்காட்டினார். அப்பிரிவு பின்னர் ‘ராம்ஃபோடைஃப்லாப்ஸ்’ என்னும் பேரினமாக ஏற்கப்பட்டது. கிறிஸ்துமஸ் தீவுப் பாம்பும் அதில் அடங்கிற்று. புழுப்பாம்பும் பல ஆண்டுகள் அதே பேரினத்தில் எழுதப்பட்டது. ஆண் உறுப்பை முதன்மை அடையாளமாகக் கொண்ட பேரினத்தில், ஆணே இல்லாத ஓரினத்தை எவ்வாறு சேர்ப்பது? ஏனைய உடற்கூறுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. மரபுப்பொருள் ஒப்பீட்டின் அடிப்படையில் 2014இல் ஹெட்ஜஸ் முதலானோர் புழுப்பாம்பை ‘இண்டோடைஃப்லாப்ஸ்’ என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றினர். அதன்வழி அது இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் உறவினங்களோடு சேர்ந்தது. தீவுப் பாம்பு ராம்ஃபோடைஃப்லாப்ஸ் பேரினத்திலேயே நிலைத்தது. அதன் உறவுகள் கிழக்கே, பசிபிக் தீவுகளை நோக்கி விரிகின்றன.

வகைப்பாட்டியலின் இச்சிறு சர்ச்சை ஆவணங்களை வாசிப்போர்க்கு நடைமுறை விளைவு உடையது. பேரினப் பெயரை மட்டும் சொல்லும் பழைய குறிப்பு, இன்று இரு வேறு பேரினங்களாகப் பிரிந்துள்ள இவ்விரு பாம்புகளில் எதனைச் சுட்டுகிறது என்பதனைப் பெயரைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

1979 முதல் 2009 வரை

தீவு 1958இல் ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு மாறியது. அதற்கு முன், அங்கு மருத்துவ அலுவலராகப் பணியாற்றிய கார்ல் கிப்சன்-ஹில் முதலானோரின் கட்டுரைகள் 1947இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியக ஏட்டின் 18ஆம் இதழில் வெளிவந்திருந்தன. ஆட்சி மாற்றத்தோடு ஆவணங்களின் இருப்பிடமும் நகர்ந்தது: முதலில் இலண்டன், பின் சிங்கப்பூர், அதன்பின் சிட்னியும் பெர்த்தும். தீவின் உயிரியல் வரலாற்றை எழுத முனைவோர் நான்கு நகரங்களின் ஏடுகளைப் புரட்ட வேண்டியுள்ளது.

1979இல் ஹரால்ட் காகர், ராஸ் சாட்லியர் ஆகிய ஆஸ்திரேலிய ஊர்வனவியலாளர்கள் தீவை ஆராய்ந்தபோது உள்நாட்டுப் பல்லிகளும் அரணைகளும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. 1998இல் அவர்களே மீண்டும் ஆராய்ந்தபோது சரிவு வெளிப்பட்டது. ஆண்ட்ரூஸின் மீள்வருகை முறையே இங்கும் பயன்பட்டது. இடையில் நிகழ்ந்தவை பல. ஆசிய ஓநாய்ப்பாம்பு 1987இல் தீவில் முதன்முதலாகக் காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்துவிட்ட மஞ்சள் பித்து எறும்பு, 1989 முதல் பெருங்குடிகளாகப் பெருகித் தீவின் புகழ்பெற்ற செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. நண்டுகள் அழிந்த இடங்களில் காட்டின் தரைத்தளமே மாறியது. பாஸ்பேட் தோண்டலால் மழைக்காட்டின் ஏறத்தாழக் கால்பங்கு முன்னரே போயிருந்தது. எஞ்சியதன் பெரும்பகுதி 1980இல் தொடங்கிய தேசியப் பூங்காவுக்குள் உள்ளது.

காட்டின் தரையில் நிகழ்ந்த இம்மாற்றம் தரைக்கு அடியில் வாழ்வதனை எவ்வாறு தாக்கியது? எறும்பை உண்ணும் பாம்புக்கு எறும்புப் பெருக்கம் விருந்தா, நஞ்சா? பித்து எறும்பு பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி நண்டையே குருடாக்கிக் கொல்வது. அதனை எளிய இரையாகக் கருதுவதற்கில்லை. எறும்பை ஒழிக்க வானிலிருந்து தூவப்பட்ட மருந்துகலந்த தீனியும் எறும்புண்ணியின் உணவுத் தட்டில்தான் விழுகிறது. எறும்பொழிப்பு இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் பயனைக் கணக்கிடுவோர் நண்டையும் அரணையையும் எண்ணுவதுபோல் மண்ணடி உயிர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே வேண்டுகோள்.

தீவுப் பாம்பு 1986இல் ஒருமுறை பதிவாயிற்று. அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள் பதிவு எதுவுமில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஒரு பாம்பு கிடைத்தது. இச்செய்தி 2012இல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியக ஏட்டில் சிறு கட்டுரையாக வெளிவந்தது. அப்பாம்பு கண்டெடுக்கப்பட்டு ஒரு மாதங்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 26ஆம் நாள், மரேயின் பெயர் தாங்கிய வௌவாலின் குரல் ஒலிப்பதிவுக் கருவியில் இறுதியாகப் பதிவாயிற்று. அதன்பின் அது கேட்கவில்லை. ஒரே தீவில், ஒரே பருவத்தில், அழிந்ததோ என அஞ்சப்பட்டது ஒன்று வெளிப்பட்டது. கண்காணிப்பில் இருந்தது ஒன்று மறைந்தது.

1887இல் பாம்போடு சேர்ந்து பெயர் பெற்ற காட்டு அரணையின் முடிவு இன்னும் துல்லியமாகப் பதிவாகியுள்ளது. காட்டில் அது கடைசியாகக் காணப்பட்டது 2010இல். பிடித்து வளர்க்கப்பட்டவற்றுள் எஞ்சிய பெண் அரணைக்குக் ‘கம்ப்’ என்று பெயரிட்டிருந்தனர். 2014 மே 31ஆம் நாள் அது இறந்தது; அதனோடு அவ்வினமும் முடிந்தது. நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் உரிய காலத்தில் பிடித்து வளர்க்கப்பட்டமையால், காட்டில் மறைந்தும் காப்பகங்களில் உயிர்வாழ்கின்றன. இவையெல்லாம் எண்ணி அறியக்கூடிய உயிர்கள். எண்ணிக்கை குறைவது தெரிந்தது. தெரிந்ததனால் சிலவற்றையேனும் பிடித்துக் காக்க முடிந்தது.

‘அரியது’ என்னும் சொல்

ஆஸ்திரேலியச் சட்டப்பட்டியலில் கிறிஸ்துமஸ் தீவுக் குருட்டுப்பாம்பு ‘பாதிப்புக்குள்ளாகத்தக்கது’ என்னும் பிரிவில் உள்ளது. அதன் நிலையை மதிப்பிட நம்மிடம் உள்ளவை ஒன்றேகால் நூற்றாண்டுக் காலத்தில் சிதறிக்கிடக்கும் சில பதிவுகள். இப்பதிவுகளை அடுக்கினால் அவை பாம்பின் பெருக்கத்தையோ குறைவையோ காட்டுவதைவிட, அளவைக் கப்பல், அருங்காட்சியகச் செலவினம், பூங்கா அலுவலர் நியமனம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வையே காட்டும். 1986க்கும் 2009க்கும் இடைப்பட்ட வெறுமை பாம்பின் வீழ்ச்சிக்குச் சான்றாகாது; 2009இல் ஒன்று கிடைத்தது அதன் நலத்துக்கும் சான்றாகாது. மழை நாளில் ஒரு மரத்துண்டை ஒருவர் புரட்டினார் என்னும் அளவிலான செய்தியே ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் நிற்கிறது.

வரலாற்றாய்வில் இந்நிலை நமக்குப் புதியதன்று. கல்வெட்டு இல்லாத ஊரை மக்கள் இல்லாத ஊர் எனக் கொள்வதில்லை. ஓலைச்சுவடி கிடைக்காத நூற்றாண்டைப் புலவர் இல்லாத நூற்றாண்டு என்பதில்லை. ஆயின் கல்வெட்டியலார்க்கு இல்லாத ஓர் அவசரம் இங்கு உண்டு. சான்று கிடைக்கும்வரை காத்திருந்தால், சான்றின் பொருளே இல்லாமற் போகலாம். வௌவாலின் வீழ்ச்சியை ஆண்டுதோறும் அளந்துகொண்டிருந்தும் அதனைப் பிடித்துக் காக்கும் முடிவு காலம் கடந்தே எடுக்கப்பட்டது. அளவே இல்லாத பாம்புக்கு அத்தகைய எச்சரிக்கையும் கிட்டாது. ஆகவே பதிவின்மையை நடுநிலையான தகவலாகக் கொள்ளாமல், தேடுதலைத் தொடங்குவதற்கான காரணமாகக் கொள்வதே தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தேடுதலுக்கும் விசாகப்பட்டினத்துப் பாம்பே குறுக்கே நிற்கிறது. தீவில் இன்று தோட்டத்தைக் கொத்தும்போது வெளிப்படும் சிறு குருட்டுப்பாம்பு புழுப்பாம்பாகவே இருக்கும் என எண்ணுவது எளிது. அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். பழகிய பாம்பென்று ஒதுக்கிவிடும் கைக்குள் அரிய பாம்பும் அகப்பட்டிருக்கலாம். தீவுப் பாம்பு புழுப்பாம்பைவிடப் பெரியது. இளஞ்சிவப்புச் சாயல் உடையது. ஆங்கிலத்தில் அதற்கு ‘இளஞ்சிவப்புக் குருட்டுப்பாம்பு’ என்றும் ஒரு வழக்குண்டு. கப்பலின் பெயரைவிட இப்பெயர் மண்வெட்டி பிடித்தவர்க்குப் பயன்படும். தீவில் தோட்டம் கொத்துவோரும் சாலை வெட்டுவோரும் இன்று பேசும் சீனத்திலும் மலாயிலும் அது சொல்லப்பட வேண்டும்.